ஜல்லிக்குள் மறைந்த மலை

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் கடைப்பலகைகளை விட்டுவிட்டு வாசற்படிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால், தென்னிந்தியாவின் பாதிப் பாறைகளைக் காலடியில் கண்டுவிடலாம். பழைய மளிகைக் கடையின் படியும் டீக்கடையின் மேடையும் கடப்பாக்கல். ஆந்திரத்துக் கடப்பை, கர்நூல் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை, பலகை பலகையாகப் பிளக்கும். எலுமிச்சைச் சாறு சிந்திய இடத்தில் அதன் பளபளப்புப் போய் வெளுத்த வட்டம் விழுந்திருப்பதை எந்த வீட்டுச் சமையல் மேடையிலும் பார்க்கலாம். அமிலம் சுண்ணாம்பைத் தின்ற தடம் அது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த தாழ்வாரங்களில் இன்னும் தேய்ந்து கிடக்கும் சாம்பல் நிறச் சதுரங்கள் கர்நாடகத்தின் ஷாபாத் கல். மண்டபங்களில் பச்சை பூத்த தரை ராஜஸ்தானத்துக் கோட்டா கல். நகைக்கடை முகப்பில் கறுப்புக்குள் பொன்துகள் மின்னினால் அது ஓங்கோல் அருகே சீமகுர்த்தியிலிருந்து வந்த ‘பிளாக் கேலக்ஸி’. தவிட்டு நிறத்தில் பெரும் புள்ளிகளோடு இருந்தால் தெலங்கானாவின் ‘டான் பிரவுன்’. பூஜை அறைக்கு மக்ரானா சலவைக்கல். இத்தனை ஊர்க் கல் இருக்கிற தெருவில் இந்த ஊர்க் கல் எங்கே என்று தேடினால் முதல் பார்வைக்கு ஒன்றும் அகப்படாது. பச்சைமலை, பல்லாவரம் மலை, திரிசூலம், பரங்கிமலை என்று ரயில் ஜன்னலிலிருந்தே எண்ணிவிடக்கூடிய குன்றுகளின் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஊர் இது என்பதால் அந்தக் கேள்வி சாதாரணமானதாக இல்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் விடை, உள்ளூர்க் கல்லின் காலம் முடிந்துவிட்டது, கான்கிரீட் வந்து அதை ஒழித்துவிட்டது என்பது. அது தவறு என்பதே என் வாதம். தாம்பரத்துக்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்ட இந்தப் புறநகர், சோழர் காலத்தில் பயன்படுத்தியதைக் காட்டிலும் பன்மடங்கு அதிகமாகத் தன் சொந்தப் பாறையைக் கொண்டு கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கல் சுவரின் முகத்திலிருந்து சுவரின் வயிற்றுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிகிற கல் வெளியூரிலிருந்து வருகிறது. பாரம் தாங்குகிற கல் பக்கத்து மலையிலிருந்து வருகிறது. முன்னதைத்தான் நாம் கல் என்று எண்ணுகிறோம் என்பதால் பின்னதைப் பற்றிய அறிவு கை நழுவிப்போனது.

அந்தக் கல்லைப் பார்க்கக் கோயிலுக்கோ அருங்காட்சியகத்துக்கோ போக வேண்டியதில்லை. வீடு கட்டும் இடத்தில் கொட்டிக் கிடக்கும் முக்கால் இஞ்சு ஜல்லியில் ஒன்றை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தால் போதும். புதிதாக உடைந்த முகம் கறுப்பாகத் தோன்றும். நன்றாக உற்றுப் பார்த்தால் அது கறுப்பு இல்லை. எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு கரும்பச்சையும் நீலச் சாம்பலும் கலந்த நிறம். குவார்ட்ஸ் மணிகள்கூட வழக்கமான வெள்ளையாக இல்லாமல் நீலம் ஏறியிருக்கும். கட்டடக்காரர்கள் இந்த ஜல்லியை ‘புளூ மெட்டல்’ என்று சொல்வது வெறும் வணிகப் பெயர் இல்லை என்பது அப்போது புரியும். இடையிடையே செம்பழுப்பாகத் தெரியும் சிறு மணிகள் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம். இரும்பும் மக்னீசியமும் கலந்தது. மலையின் வெளிப்பரப்பில் கிடந்த துண்டாக இருந்தால் ஒரு பக்கம் துருப்பிடித்தாற்போல் மஞ்சள் பழுப்புத் தோல் படிந்திருக்கும். மழையும் காற்றும் அந்த இரும்பைத் தொட்ட அடையாளம் அது. பார்வைக்குக் கிரானைட்டின் உறவு போலிருக்கும் இந்தப் பாறைக்குள் இப்படி ஹைப்பர்ஸ்தீன் இருப்பதுதான் இதைத் தனிச் சாதியாக்குகிறது. பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, எழுநூறு டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட வெப்பத்தில், நீர் அநேகமாக இல்லாத சூழலில்தான் இந்தக் கனிமச் சேர்க்கை நிலைக்கும். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன் அப்படி உருவானது, மேலே இருந்த கிலோமீட்டர் கணக்கான பாறை தேய்ந்து தேய்ந்து போனபின், இன்று திரிசூலம் ரயில் நிலையத்துக்கு எதிரே குன்றாக நிற்கிறது.

இந்தப் பாறைக்கு உலகம் வைத்த பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவரும் கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படுபவருமான ஜாப் சார்னக் 1690களின் தொடக்கத்தில் இறந்தார். அங்குள்ள செயின்ட் ஜான் தேவாலய வளாகத்தில் அவர் கல்லறை மேல் கிடத்திய பலகைக் கல் சென்னையிலிருந்து, பல்லாவரம் பரங்கிமலைப் பகுதியிலிருந்து, கப்பலேறிப் போனது. ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழித்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1893இல் அந்தப் பாறை இனத்துக்கே ‘சார்னக்கைட்’ என்று பெயர் சூட்டினார். 1900இல் தென்னிந்தியா முழுவதிலும் உள்ள இதன் உறவுப் பாறைகளைத் தொகுத்துப் பெரிய ஆய்வுநூல் வெளியிட்டார். இன்று நார்வேயிலும் பிரேசிலிலும் அண்டார்க்டிகாவிலும் இதே வகைப் பாறையைக் காணும் நிலவியலாளர் உச்சரிக்கும் சொல் அதுதான். மூலப்பாறை பல்லாவரத்தில், பெயர் கல்கத்தாவில் புதைந்த ஒருவருடையது. பல்லாவரத்தில் தன் வீட்டு அஸ்திவாரத்தை அந்தப் பாறை மேல் போட்டிருப்பவருக்கோ அந்தச் சொல் பெரும்பாலும் எட்டியதே இல்லை. பரங்கிமலையின் பாறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று. மலையேறும் கூட்டத்தில் அதை அதற்காகப் பார்ப்பவர் அரிது.

ஊரார் இதைக் கருங்கல் என்றார்கள். அந்தச் சொல் கிரானைட்டையும் டோலரைட்டையும் இதையும் ஒன்றாகவே கட்டிவிடுகிறது. ஆகவே அறிவியல் பெயர்தான் உண்மையான அறிவு, ஊர்ச் சொல் மேம்போக்கானது என்று ஒருவர் சொல்லலாம். அதை நான் ஏற்கவில்லை. கல்லைத் தட்டி ஓசையைக் கேட்டு ஆண் கல், பெண் கல், இரண்டிலும் சேராதது என்று பிரித்த சிற்பி, உள்விரிசலையும் மணிகளின் நெருக்கத்தையும் காதால் அளந்தான். மணி போல ஒலிக்கும் கல் விரிசலற்றது. மந்தமாக ஒலிப்பது உளிக்கு நிற்காது. ஹாலண்ட் கேட்ட கேள்வி கல் எப்படிப் பிறந்தது என்பது. சிற்பி கேட்டது கல் எப்படி நடந்துகொள்ளும் என்பது. இரண்டும் அறிவுதான். நமக்கு நேர்ந்த இழப்பு, இரண்டில் எதுவும் இன்று கட்டுபவர் கையில் இல்லை என்பது.

கல் கண்ணுக்குத் தெரிந்த காலத்தின் முதல் சான்று பெரிய பல்லாவரத்தில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் குடைவரை, ஐந்து கருவறைகளோடு குன்றின் முகத்தில் குடையப்பட்டது. அவனுடைய விருதுப்பெயர்கள் தூண்களுக்கு மேலே கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. இப்போது அது தர்காவாக மக்கள் வழிபாட்டில் இருக்கிறது. எந்தக் கல், எங்கிருந்து என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை: குடைவரை இருக்கும் இடம்தான் கல் இருக்கும் இடம். இந்தப் பாறை எவ்வளவு பிடிவாதமானது என்பதை அறிந்தால்தான் அந்தத் தூண்களின் தடித்த, சதுரமான, அலங்காரம் குறைந்த உருவம் விளங்கும். மணிகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட பாறையில் உளி ஒரு அடிக்கு ஒரு பொடிதான் எடுக்கும். அதன் அடுத்த படி மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயில். சோழர் காலத்துக் கற்றளி. கருவறையின் பின்புறம் யானையின் பின்பக்கம் போல வளையும் தூங்கானை மாடம். நேர்ச் சுவருக்கு வெட்டிய கல் அந்த வளைவில் உட்காராது. ஒவ்வொரு கல்லின் முகத்தையும் வளைவுக்கேற்பத் தனித்தனியாகக் கொத்தி, சாந்தில்லாமல் பக்கத்துக் கல்லோடு இழைய வைக்க வேண்டும். கருங்கல்லில் இதைச் செய்தவர்களுக்குக் கல்லின் ஓட்டம் கைவந்திருந்தது என்பதற்கு அந்த ஒரு சுவரே போதும். திரிசூலத்தில் மலைகளுக்கு நடுவே நிற்கும் சிவன் கோயிலும் திருநீர்மலைப் பெருமாள் கோயிலும் இதே வரிசையில் வருபவை; அவை அமர்ந்திருக்கும் குன்றுகளே இந்தப் பாறைதான்.

இவ்வளவையும் தீர்மானித்தது பக்தியோ கலையோ மட்டும் இல்லை, மாட்டு வண்டியும்தான். ஒரு கன அடிக் கருங்கல் எழுபத்தைந்து கிலோவுக்கு மேல் நிற்கும். வண்டியில் பத்துக் கல் ஏற்றினாலே மாடு திணறும். ஆகவே தரைவழியில் கல் தன் மலையை விட்டு அதிக தூரம் போவதில்லை. ஏரி மதகு, கிணற்றுச் சுற்று, குளப்படி, வேலிக்கு ஊன்றும் கல்லுக்கால், வாசலில் அம்மி, கொல்லையில் ஆட்டுக்கல் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் கல் தேவைப்பட்ட இடமெல்லாம் கருங்கல் புகுந்ததற்குக் காரணம், அதைவிட மலிவாக அதைவிட உறுதியான ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இல்லை என்பதே. சுவருக்கு ஏரி மண்ணில் சுட்ட செங்கல், பூச்சுக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. மிதிபடுகிற, அரைபடுகிற, பாரம் தாங்குகிற இடத்துக்கு மட்டும் கருங்கல். அந்தப் பங்கீடு ஒரு வீட்டுக்குள்ளேயே தெரியும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கல் எப்போதும் உள்ளூரிலேயே நின்றதா? சார்னக்கின் பலகைக் கல் கல்கத்தா போயிருக்கிறதே? போயிருக்கிறது, கடல் வழியாக. கப்பலுக்குப் பாரம் சுமையில்லை, மாட்டுக்குத்தான் சுமை. அதைவிட வலுவான மறுப்பும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் ராணுவ மைதானத்தை ஒட்டிச் சரளைக்காக வெட்டிய குழியில் ஒரு கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழங்கற்கால ஆய்வு அந்த ஒரு கல்லிலிருந்து தொடங்கியது. அந்தக் கோடரி குவார்ட்சைட்டால் ஆனது. பல்லாவரம் மலையின் பாறையில் செய்ததல்ல. குவார்ட்சைட் கூழாங்கற்கள் கிடைப்பது வடக்கே, திருவள்ளூர்ப் பக்கத்துக் குன்றுகளிலும் ஆற்றுப் படுகைகளிலும். ஆக, காலடியில் கிடந்த பாறையை ஆதிமனிதன் ஆயுதத்துக்குத் தேர்ந்துகொள்ளவில்லை. காரணம் கல்லிலேயே இருக்கிறது. பெருமணிகள் கோத்த சார்னக்கைட்டைத் தட்டினால் கூர்விளிம்பு வராது, பொடிந்து உதிரும். குவார்ட்சைட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கத்தி போல் விளிம்பு தரும். ஆயுதமாகாத கல் கட்டடமாயிற்று. அதற்கு ஆகாத அதே குணம் இதற்கு ஆயிற்று. உள்ளூர்க் கல் என்பதால் மட்டும் யாரும் ஒரு கல்லை எடுத்ததில்லை, வேலைக்குப் பொருந்தியதால் எடுத்தார்கள் என்று என் வாதத்தைத் திருத்திக்கொள்ள நான் தயார். கட்டட வேலைக்கு இந்தக் கல் பொருந்தியது, இன்றும் பொருந்துகிறது என்பதுதான் அடுத்த செய்தி.

ஃபூட் நின்ற குழி எதற்காக வெட்டப்பட்டது என்பதை நிலவியல் வரலாறுகள் ஒரு வரியில் கடந்து போகின்றன. எனக்கு அந்த வரி முக்கியமாகப் படுகிறது. சரளைக்காக. கல் உருவத்துக்காக வேண்டப்படாமல் எண்ணிக்கைக்காகவும் எடைக்காகவும் வேண்டப்பட்ட காலத்தின் அறிகுறி அந்தக் குழி. சாலைக்கு உடைகல், தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி, வீட்டுக்கு அஸ்திவாரம். 1931இல் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபின் இந்த வழி நெடுக வீட்டு மனைகள் முளைத்தன. 1937இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. குடியிருப்புகள் பெருகப் பெருக, பல்லாவரம், திரிசூலம், பம்மல், நன்மங்கலம், எருமையூர் என்று குன்றுகள் ஒவ்வொன்றாகக் குவாரிகள் ஆயின. முதலில் அஸ்திவாரத்துக்கு உருட்டுக் கல்லாகப் போன மலை, பிறகு கிரஷரில் நொறுங்கி ஜல்லியாகப் போனது. கைச்சம்மட்டியும் ஆப்பும் பாறையின் இயல்பான பிளவைத் தேடிப் போயின. வெடிமருந்துக்கும் கிரஷருக்கும் எந்தப் பிளவும் தேவைப்படவில்லை. கல்லை அறிந்தவன் தேவையற்றுப் போனது அந்தக் கட்டத்தில்தான்.

கான்கிரீட்டைக் கல் என்று எப்படிச் சொல்வது, அது தொழிற்சாலைப் பொருளல்லவா என்பது எல்லோரும் கேட்கக்கூடிய கேள்வி. விடை கொத்தனார் வாயிலேயே இருக்கிறது: ஒன்றுக்கு ரெண்டுக்கு நாலு. ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நாலு பங்கு ஜல்லி. ஏழு பங்கில் நாலு பங்கு மலை. ஆற்று மணலுக்குத் தட்டுப்பாடு வந்தபின் எம்-சாண்ட் அந்த இரண்டு பங்கையும் பிடித்துக்கொண்டது. அதுவும் இதே வகைப் பாறையைப் பொடித்துச் சலித்ததுதான். அப்போது ஏழில் ஆறு பங்கு. மீதி ஒரு பங்கான சிமெண்டும் பெரும்பாலும் சுட்டு அரைத்த சுண்ணாம்புப் பாறைதான். அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பாக இருந்தால், அது பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே பரவியிருந்த கடலின் அடியில், சங்கும் சிப்பியும் படிந்து இறுகியது. பூமியின் ஆழத்தில் வெந்த பாறையைக் கடலடிப் பாறை கொண்டு ஒட்டிய ஒன்றைத்தான் நாம் தூண் என்றும் தளம் என்றும் அழைக்கிறோம். மழையில் ஊறிப் பூச்சு உதிர்ந்த ஒரு பழைய சன்ஷேடின் விளிம்பை நின்று பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும்: துருவேறிய கம்பிக்குப் பக்கத்தில், சாம்பல் பசைக்குள், கோணல் கோணலாகப் பதிந்திருக்கும் கரும்பச்சைத் துண்டுகள். கோயில் சுவரில் இருக்கும் கல்லும் அதுதான்.

கோயில் கல்லில் மனிதக் கை இருக்கிறது, ஜல்லியில் இல்லை. ஆகவே இரண்டையும் ஒப்பிடுவது கலையைக் கொச்சைப்படுத்துவது என்று சொல்பவர்களுடைய வருத்தம் நியாயமானது. ஆனால் கைவேலையின் பெருமையைக் காக்க நினைத்து ஜல்லியைக் கல்லின் கணக்கிலிருந்து நீக்கினால், மலைகளின் கணக்கும் சேர்ந்தே நீங்கிவிடுகிறது. எத்தனை குன்று எத்தனை வீடாயிற்று என்ற கேள்வியே எழாது. அழகான கல்லுக்கு மட்டும் பாரம்பரியம் என்று பெயர் கொடுத்துவிட்டு, குன்றைத் தின்ற கல்லுக்குப் ‘பொருள்’ என்று பெயர் கொடுப்பது, பார்க்க வேண்டியதிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வது. கிரஷர் தூசியை நுரையீரலில் வாங்கியவர்களின் உழைப்பும் அந்த இரண்டாவது பெயருக்குள்ளேதான் காணாமல் போகிறது.

கல்லின் குணம் தெரிந்திருப்பது இன்று வெறும் படிப்பு ஆசையும் அல்ல. சார்னக்கைட்டுக்குள் நுண்துளை கிடையாது. நீர் நிற்பதும் ஓடுவதும் அதன் வெடிப்புகளிலும், மேலே சிதைந்து மண்ணான தோலிலும் மட்டும்தான். தாம்பரம் பக்கத்தில் ஒரு மனையில் போர்வெல் பொங்கி வர, பக்கத்து மனையில் முந்நூறு அடி போட்டும் சாம்பல் தூள் மட்டும் பறப்பதற்கு அதுவே காரணம்: ஒரு துளை வெடிப்பைத் தொட்டது, மற்றது தொடவில்லை. இதே குணத்தால்தான் கைவிட்ட குவாரி ஒவ்வொன்றும் அடி கசியாத கல்தொட்டி ஆகிறது. 2017 வறட்சியில் மாங்காட்டை ஒட்டிய சிக்கராயபுரம் குவாரிகளின் நீரைச் சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராகக் கொடுத்தார்கள். 2019இலும் குவாரி நீர் கைகொடுத்தது. மலையாக இருந்தபோது வீடு கொடுத்தது, குழியாக ஆனபின் நீர் கொடுத்தது. நன்மங்கலத்தில் குவாரி விட்டுப்போன செங்குத்துப் பாறை முகத்தில் கொம்பன் ஆந்தைகள் குடியிருக்கின்றன.

2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது, மாடம்பாக்கத்தின் கற்றளியும் பல்லாவரத்தின் குடைவரையும் திருநீர்மலைக் குன்றும் பம்மலின் வெட்டுக்குழிகளும் முதன்முதலாக ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரே பாறையின் நான்கு நிலைகள்: அடுக்கப்பட்டது, குடையப்பட்டது, அப்படியே நிற்பது, பொடிக்கப்பட்டது. இவற்றைச் சேர்த்து ஒரு நாளில் பார்த்துவிடலாம். கோயில் சுவரில் ஆயிரமாண்டு அழுக்கும் எண்ணெயும் ஏறிக் கல்லின் முகத்தை மூடியிருக்கும். வெடித்துப் பிளந்த குவாரி முகத்தில்தான் பாறையின் வரியும் வளைவும் அதன் ஊடே ஓடும் வெளிர் நரம்புகளும் புத்தம் புதிதாகத் தெரியும். ஹாலண்ட் பெயரிட்ட பாறையை உலகத்துக்குக் காட்ட இதைவிடத் தெளிவான முகம் இல்லை. பல குழிகளில் இப்போது குப்பையும் இடித்த வீடுகளின் கான்கிரீட்டும் கொட்டப்படுகின்றன.

இடிப்பு நடக்கும் இடத்தில் ஒரு பிரிவினை எப்போதும் நடக்கும். தேக்குக் கதவு, ஜன்னல் கம்பி, முழுச் செங்கல், இவற்றோடு அஸ்திவாரத்திலிருந்து தோண்டிய கருங்கல்லும் தனியாக அடுக்கி விலைபேசப்படும். மண்ணுக்குள் அரை நூற்றாண்டு கிடந்தும் அதன் மூலை மழுங்கியிருக்காது. அது இன்னொரு வீட்டின் அடியில் போய்ப் படுக்கும். உடைந்த தளமும் தூணும் விலைபோகாமல், தனக்குள் அதே கல்லை வைத்துக்கொண்டே லாரியேறி, வெட்டியெடுத்த குழியைத் தேடிப் போகின்றன.